வந்த கட்டளையைக் கேள்வியின்றிச் செய்யும் டிரைவ்கள்

தொழிற்சாலை மோட்டரின் வேகத்தை, மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றிக் கூட்டிக் குறைக்கும் கருவியே டிரைவ். அதையும் கட்டுப்பாட்டுக் கணினியையும் இணைப்பது தொடர்பாடல் அடாப்டர். புரொஃபிபஸ், மொட்பஸ் என்பன அவை பேசும் மொழிகள். இவற்றின் பழைய வடிவங்களில், கட்டளை அனுப்பியவர் யார் என்று சரிபார்க்கும் வழி கிடையாது. வந்ததைச் செய்யும், அவ்வளவுதான்.

2010 இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் கைவைத்தது இங்கேதான். ஈரானின் நதான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் மையநீக்கிகளே அதன் இலக்கு என்பது ஆய்வாளர்களின் முடிவு. புரொஃபிபஸ் வழியே குறைந்தது 33 டிரைவ்கள் இணைந்திருந்தால் மட்டுமே அது வேலையைத் தொடங்கியது. அதிர்வெண்ணை 1,410 ஹேர்ட்ஸுக்கு ஏற்றியது. பின்னொரு முறை 2 ஹேர்ட்ஸுக்கு இறக்கி, 1,064 இல் விட்டது. அந்நேரம் கட்டுப்படுத்தியின் வழமையான நிரல் ஓடவிடப்படவில்லை.

டிரைவிலேயே உச்ச வேகத்துக்கு எல்லை வைக்கலாமே எனலாம். பல டிரைவ்களில் அந்த எல்லையையும் அதே அடாப்டர் வழியாகவே மாற்றிவிடலாம்.