மாணவர் விடுதியும் மழைநீரும்: கான்ஹேரிக் குன்று புகட்டும் பாடம்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் அடுத்த பணியாக மாணவர் விடுதியொன்றை எழுப்பத் திட்டமிட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதன் வரைபடத்தை நாமும் கண்டோம். அறைகள் எத்தனை, கட்டில்கள் எத்தனை என்பன அதில் தெளிவாக உள்ளன. நீர் எங்கிருந்து வரும், பெய்யும் மழை எங்கே போகும், நிழல் எங்கே விழும் என்பன இல்லை.

இதனைச் சிறு குறையென்று தள்ளிவிட இயலவில்லை. நாம் மாணவப் பருவத்தில் தங்கிய விடுதியில் சித்திரை பிறந்தால் கிணறு வற்றிவிடும். அக்கம்பக்கத்துக் கிணற்றில் நாமே இறைக்க அனுமதியில்லை. பிறர் இரங்கி ஊற்றும்வரை குடத்துடன் நிற்றல் வேண்டும். தேர்வுக்குப் படிக்க வேண்டிய காலைப்பொழுது அங்கேயே கழியும். அவ்வாறு நிற்க மனமின்றி ஊர் திரும்பிய தோழர் இருவர் மீண்டும் பள்ளிக்கு வரவேயில்லை. விடுதியில் நீரில்லையேல் கல்வியும் இல்லை என்பதை அன்றே உணர்ந்தோம்.

இனி வரலாற்றை நோக்குவோம். மும்பை மாநகரின் வடபால், போரிவலியில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவினுள் கான்ஹேரிக் குன்று உள்ளது. கரும்பாறையைக் குடைந்து அமைத்த நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள் அங்கே இருக்கின்றன. கி.மு. முதல் நூற்றாண்டளவில் தொடங்கிய இவ்விடம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் துறவியரின் உறைவிடமாகவும் கல்விக்கூடமாகவும் விளங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் அதனை நேரிற் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

அங்கு நம்மைக் கவர்ந்தவை சிற்பங்கள் மட்டுமல்ல. பெரும்பாலான குகைகள் சிறியவை: ஒரு முற்றம், ஒரு திண்ணை, கல்மேடையுள்ள ஓர் அறை. அம்முற்றத்தை ஒட்டியே பாறையில் ஒரு நீர்த்தொட்டி. அப்பகுதியில் மழை ஆனி முதல் புரட்டாசி வரை கொட்டித் தீர்க்கும். பின்னர் எட்டு மாதங்கள் வறட்சியே. இவ்வியல்பை அறிந்தே அக்குன்றை அமைத்தனர். மேற்சரிவில் வெட்டிய சிறு வாய்க்கால்கள் மழைநீரைத் தொட்டிக்குக் கொணர்ந்தன. தொட்டியின் வாய் சிறிது, வயிறு பெரிது. ஆதலின் வெயில் நீரை எளிதில் உறிஞ்சாது, நீரும் குளிர்ந்திருக்கும். சில தொட்டிகளில் இன்றும் நீர் நிற்கிறது. குகைக்குக் குகை செல்லக் கற்படிகள் உண்டு. கூடியமர்ந்து கற்பதற்கோ உண்பதற்கோ ஏற்றதாய், நீண்ட கல்மேடைகள் கொண்ட பெருங்கூடமும் உண்டு. உறைவிடம், வழி, நீர், கல்வி ஆகிய நான்கையும் ஒரே எண்ணத்தில் பிணைத்தனர்.

இவற்றுக்குப் பொருள் கொடுத்தோர் அரசர் மட்டுமல்லர். கல்யாண் நகரத்துப் பொற்கொல்லர் ஒருவர் நீர்த்தொட்டி அமைத்துக் கொடுத்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. வணிகரும் வழங்கினர். ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, பழுதுபார்க்கவும், துறவியர் ஆடைக்கும், நூல்கள் வாங்கவும் பணம் ஒதுக்கியதைத் தெரிவிக்கிறது. ஏட்டுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒருங்கே பணம் ஒதுக்கிய முன்யோசனையை நம் சங்கத்தார் கருத வேண்டும்.

நீரைப் பொதுவெனக் கொண்டது அச்சங்கத்தின் மரபு. தெருக்கூட்டிய சுனிதர் அதில் துறவியானார். தாகத்துடன் வந்த ஆனந்தர், தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணான பிரகிருதியிடம் நீர் கேட்டதையும், அவள் தன் குலத்தைக் கூறித் தயங்கியபோது, தாம் கேட்டது நீரையே, குலத்தையன்று என்று அவர் உரைத்ததையும் பௌத்தக் கதை கூறுகிறது.

அந்த நாட்டிலேயே பிற்காலத்தில் குளத்து நீர் நம்மவர்க்கு மறுக்கப்பட்டது. பொதுக்குளங்களை எல்லார்க்கும் திறந்துவிட 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. மகாத் நகராட்சியும் 1924இல் அதனை ஏற்றது. ஆயினும் ஏட்டிலிருந்த உரிமை குளக்கரைக்கு வரவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று சவுதார் குளத்தில் நீர் அருந்தினார். அதன்பின் எழுந்த வழக்கு 1937இல்தான் உயர்நீதிமன்றத்தில் நம்மவர்க்குச் சார்பாக முடிந்தது. அவரே 1925இல், தாம் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் வழியே சோலாப்பூரில் மாணவர் விடுதி கண்டவர். 1950இல் ஔரங்காபாதில் அவர் தொடங்கிய கல்லூரியின் வளாகத்துக்கு நாகசேன வனம் என்று பெயர். விடுதி, தண்ணீர், மரநிழல் ஆகியவை அவர் பணியில் ஒன்றையொன்று விட்டுப் பிரியவில்லை.

நம் நிலம் கரும்பாறையன்று. நம் பெருமழையும் ஐப்பசி, கார்த்திகையில் வருவது. ஆதலின் கான்ஹேரியை அப்படியே பெயர்த்து வைக்க இயலாது. அதன் அறிவைக் கொள்ளலாம். 300 சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,70,000 லிட்டர் நீர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 2,16,000 லிட்டர் கிட்டும். 60 மாணவர்க்கு, குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் எனக் கொண்டால், அது 360 நாட்களுக்குப் போதும். வறண்ட ஆறு மாதங்களைக் கடக்க 1,08,000 லிட்டர் கொள்ளும் மூடிய தொட்டி தேவை. முதல் மழையை வெளியே விட்டு, மணலும் கரியும் இட்ட வடிகட்டி வழியே நீரைச் சேர்த்து, குடிநீரைக் காய்ச்சி வழங்குதல் வேண்டும்.

மிகுதி நீர் ஓட, மனையின் தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை வெட்டலாம். குளிக்கும் நீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பலாம். மேற்கு வெயில் தாக்கும் பக்கத்தில் வேம்பும் புங்கனும் நட்டால் அறைகள் குளிரும். மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் 2003இலேயே கட்டாயமாக்கப்பட்டது. எனினும் குழாய் உடைந்து, குழி தூர்ந்து கிடக்கும் கட்டடங்கள் பல. அமைப்பது ஒருநாட் பணி. காப்பது என்றும் உள்ள பணி.

இளைஞர்களே, அடித்தளம் தோண்டுமுன் ஒரு பெருமழை நாளில் அம்மனையில் நின்று, நீர் எவ்வழி ஓடுகிறதென்று பார்த்துக் குறித்து வாருங்கள். வரைபடத்தில் முதற்கோடு அதுவாகட்டும். மழையைச் சேர்த்து வைத்த விடுதியின் பிள்ளைகள் எவர் வாயிலிலும் குடமேந்தி நிற்க வேண்டுவதில்லை. நாம் நின்றோம், அவர்கள் நிற்கலாகாது.