கலங்களின் சமிக்ஞைகளைப் பதியும் ஏடுகள்

இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது வாய்ப் புற்றுநோயாகும். கண்டியைச் சூழவுள்ள கிராமங்களிலும் தோட்டங்களிலும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து வெற்றிலை மெல்லும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போயுள்ளது. புகையிலை சேராவிடினும் பாக்கு தனித்தே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிசெய்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடம் இந்நோய் குறித்து நீண்டகாலமாக ஆராய்ந்து வருவதை நம் வாசகர் பலர் அறிவர். இத்தகைய ஆய்வுக்கு இன்று இன்றியமையாததாகிவிட்ட ஒரு கருவியைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது அரிது. கலங்களின் சமிக்ஞைகளில் பங்குகொள்ளும் புரதங்களின் தரவுத்தளங்களையே குறிப்பிடுகின்றோம்.

நம் உடலின் கலம் ஒவ்வொன்றும் வெளியிலிருந்து வரும் கட்டளைகளுக்கு ஏற்பவே வளர்கின்றது, பிரிகின்றது, வேளை வரும்போது இறக்கின்றது. வெளியிலிருந்து வரும் வளர்ச்சிக் காரணி, கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கி என்னும் புரதத்தில் வந்து பொருந்துகின்றது. வாங்கி உள்ளேயுள்ள மற்றொரு புரதத்தைத் தூண்ட, அது இன்னொன்றைத் தூண்ட, செய்தி இறுதியில் கருவைச் சென்றடைகின்றது. இத்தூண்டுதல் பெரும்பாலும் ஒரு பொஸ்பேற்றுக் கூட்டத்தைப் புரதத்தில் ஒட்டுவதன் மூலம் நிகழ்கின்றது. ஒட்டும் நொதியங்களுக்குக் கைனேஸ் என்று பெயர். மனிதனில் இவை 518 என 2002இல் கணக்கிடப்பட்டது. ஒட்டுவதும் பின்னர் அகற்றுவதுமாகிய இம்முறையைக் கண்டறிந்தமைக்காக எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகிய இருவரும் 1992இல் நோபல் பரிசு பெற்றனர்.

அப்பொஸ்பேற்றை வழங்கும் மூலக்கூறு ஏ.ரீ.பி. ஆகும். ஆதிப் பூமியின் சூழலை ஒத்த நிலையில் அது தோன்றியிருக்கக் கூடும் என்பதை 1963இல் ஆய்வுகூடத்தில் காட்டியவர்களுள் ஒருவர் நம் நாட்டவரான சிறில் பொன்னம்பெரும என்பது பலர் மறந்த செய்தி. ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகளுக்கான நிறுவகத்தை 1980களில் நெறிப்படுத்தியவரும் அவரே.

இனி ஏடுகளுக்கு வருவோம். புரதங்களைத் தொகுத்து வெளியிடும் முயற்சியை 1965இல் மார்கரெட் டேஹொப் அச்சு நூலாகத் தொடக்கிவைத்தபோது அதில் இடம்பெற்றவை 65 புரதங்களே. 1986இல் சுவிற்சர்லாந்தில் அமோஸ் பைரோக் தொடங்கிய சுவிஸ்-புரொட் அப்பணியைக் கணினிவழி முன்னெடுத்தது. நமக்கு அண்மையிலேயே ஒரு பெருமுயற்சி நடந்தது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அகிலேஷ் பாண்டே 2002இல் பெங்களூரில் உயிர்த்தகவலியல் நிறுவனம் ஒன்றை நிறுவினார். 2003இல் அங்கிருந்து மனிதப் புரத மேற்கோள் தரவுத்தளம் வெளிவந்தது. பின்னர் சமிக்ஞைப் பாதைகளுக்கெனவே நெட்பாத் என்ற தொகுப்பும் உருவாயிற்று. 2010இல் அதனை விவரித்த கட்டுரை 20 பாதைகளைக் கூறிற்று. இவற்றைப் பொறி தானாகத் தொகுக்கவில்லை. உயிரியல் பட்டதாரிகள் ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்து, எந்தப் புரதம் எதனோடு இணைகின்றது, எந்த இடத்தில் பொஸ்பேற்று ஒட்டுகின்றது என்று கையாலேயே பதிந்தனர். ஒவ்வொரு பதிவின் அருகிலும் மூலக் கட்டுரை சுட்டப்பட்டது. ஐயமுள்ளவர் மூலத்தையே நாடிச் சரிபார்க்கலாம்.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் காட்டலாம். வாய்ப் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் ஈ.ஜீ.எவ்.ஆர். என்னும் வாங்கி மிகையாகக் காணப்படுகின்றது. அதனைத் தடுக்கும் செற்றுக்சிமாப் மருந்து தலை, கழுத்துப் புற்றுநோய்க்கென 2006இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. எனினும் அவ்வாங்கியைத் தடுத்த பின்னும் வேறு வழியாகச் செய்தி கருவை அடைவதுண்டு. அந்த வேறு வழிகள் எவை என அறிய விரும்பும் ஆய்வாளர் பல்லாயிரம் கட்டுரைகளைப் புரட்ட வேண்டியதில்லை. தரவுத்தளத்தைத் திறந்தால் போதும். விலையுயர்ந்த சஞ்சிகைகளுக்குச் சந்தா செலுத்த இயலாத நம் போன்ற நாட்டுக்கு இது சிறிய உதவியன்று.

ஆனால் ஏடு தானே நிலைத்து நிற்பதில்லை. 1996இல் நிதி வரண்டபோது சுவிஸ்-புரொட் மூடப்படும் நிலைக்கு வந்தது. பைரோக் உலக ஆய்வாளர்களிடம் விடுத்த வேண்டுகோளே அதனைக் காத்தது. ஜப்பானின் கெக் தொகுப்பு 2011இல் மொத்தமாகத் தரவிறக்குவோரிடம் கட்டணம் பெறத் தொடங்கியது. பெங்களூரின் மேற்கோள் தரவுத்தளத்துக்கு 2010இன் பின் புதிய வெளியீடு வரவில்லை. பழைய ஏட்டைப் பிழையென்று கூற முடியாது. எனினும் அதன் பின் வெளிவந்த கட்டுரைகள் அதில் இல்லை என்பதை உணராது பயன்படுத்துவோர் ஏமாறுவர்.

மற்றொரு குறைபாட்டையே நாம் பெரிதாகக் கருதுகின்றோம். பதியப்படுபவை பிரசுரமானவை மட்டுமே. பிரசுரமானவற்றில் பெரும்பகுதி மேல்நாட்டு ஆய்வுகூடங்களிலிருந்து வந்தவை. அங்கே இந்நோய்க்குச் சிகரெட்டும் மதுவுமே முக்கிய காரணங்கள். நம்மவர்க்கு வெற்றிலையும் பாக்கும். வேறுபாடு வெறும் ஊகமன்று. கன்னத்திலும் ஈற்றிலும் தோன்றும் புற்றுநோயை ஆராய்ந்த இந்திய விஞ்ஞானிகள், அதற்கு முன் வாய்ப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படாத சில மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டு 2013இல் அறிவித்தனர். கண்டி நோயாளியின் இழையத்தை மேல்நாட்டுப் பதிவுகளோடு மட்டும் ஒப்பிட்டால் எதைத் தவறவிடுவோம் என்பதை எவர் சொல்ல வல்லார்?

பெங்களூர் காட்டிய வழி நமக்கு எட்டாததன்று. கட்டுரை படித்துப் பதிவதற்குக் கோடிக்கணக்கில் இயந்திரங்கள் வேண்டியதில்லை. கணினியும் இணைய வசதியும் பயிற்சி பெற்ற பட்டதாரிகளுமே தேவை. தமிழ் மொழிமூலம் உயிரியல் கற்றுப் பேராதனைக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் இறுதியாண்டு ஆய்வாக இதனை மேற்கொள்ளலாம். முதற் பொருளாகப் பாக்கையே எடுத்துக்கொள்ளலாம். பாக்கு மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி வாய் திறக்க முடியாமற் போகும் நோயில் ரீ.ஜீ.எவ். பீட்டா என்னும் சமிக்ஞைப் பாதை முக்கிய பங்கு வகிப்பதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. இந்நோயாளிகளில் ஒரு பகுதியினர் பின்னர் புற்றுநோய்க்கும் ஆளாகின்றனர். தெற்காசியாவில் இதுபற்றி வெளிவந்த கட்டுரைகளை ஒன்றுதிரட்டி, மூலத்தோடு பதிந்து, எவரும் இலவசமாகக் காணும்படி வைக்கும் பணியைப் பல் மருத்துவ பீடமும் விஞ்ஞான பீடமும் சேர்ந்து ஓராண்டில் தொடங்கிவிடலாம்.