துப்பாக்கியின் முதுகெலும்பு

ரைஃபிள் என்றதும் நம் நினைவுக்கு வருவன நீண்ட குழலும் அதனைத் தாங்கும் மரக்கட்டையுமே. அவ்விரண்டையும் இணைக்கும் நடு உடலைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அதனை ரிஸீவர் என்பர். குழலின் அடிப்பகுதி அதன் முன்புறத்தில் திருகப்படுகிறது. தோட்டாவை உட்செலுத்தி அடைக்கும் போல்ட் அதற்குள்ளே ஓடுகிறது. குறிபார்க்கும் தொலைநோக்கி பெரும்பாலும் அதன் முதுகின்மேல் அமர்கிறது. அந்த முதுகு உருப்பெற்ற வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகின்றேன்.

ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் ஓபர்ன்டார்ஃப் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த பால் மௌஸர் வகுத்த ரைஃபிளை 1898-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் படை ஏற்றுக்கொண்டது. அது போர்வீரனுக்கென்றே பிறந்த கருவி. ஐந்து தோட்டாக்களைக் கோத்த தகட்டை மேலிருந்து செருகி ஒரே அழுத்தில் உள்ளே தள்ள வேண்டும். ஆதலின் உடலின் பின்பாலத்தில் அத்தகட்டுக்கென ஒரு பள்ளமும், இடச்சுவரில் கட்டைவிரல் நுழைய ஒரு வெட்டும் அமைந்தன. போல்ட்டைத் திறக்கும்போது கைப்பிடி நேர்மேலே எழும்பும். காப்புச் சிறகும் மேலாகவே புரளும். குழலின்மேலுள்ள இரும்புக் குறிகளைக் கொண்டு சுடுபவனுக்கு இவற்றால் தொல்லை ஏதுமில்லை.

இந்த உறுதியான உடலைத் துப்பாக்கிக் கம்மியர்கள் விரும்பி வாங்கினார்கள். இலண்டன் நகரத்து ரிக்பி நிறுவனம் மௌஸர் உடலில் தன் குழலையும் கட்டையையும் பொருத்தி வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்தது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக 1907-இல் ஜிம் கார்பெட் பரிசாகப் பெற்றது அத்தகைய ஒன்றே.

வேட்டைக்காரர்கள் தொலைநோக்கி கேட்கத் தொடங்கியதும் சிக்கல் பிறந்தது. தொலைநோக்கியைத் தாழ்வாக வைத்தால் எழும்பும் கைப்பிடி அதில் இடிக்கும். காப்புச் சிறகும் தடைப்படும். உயர்த்தி வைத்தால் சுடுபவனின் கன்னம் கட்டையில் படியாது, குறி தளும்பும். துளையிட்டுத் திருகலாம் என்றாலோ, உடலின் மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட எஃகு. துளைக்கும் அலகு வழுக்கும். வளைந்த பரப்பில் துளை நடுக்கோட்டை விட்டு விலகுவதும் எளிது. தாங்கிகள் இரண்டும் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்று பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 100 மீட்டர் தொலைவில் குறி 10 சென்டிமீட்டர் விலகும். இப்பிசகைத் தொலைநோக்கியின் திருகுகளைக் கொண்டு ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் பிடிப்புத் தளர்ந்து நகரும் தாங்கியை எதனால் திருத்துவது? நெஞ்சில் பாய வேண்டிய குண்டு வயிற்றில் பாயும். அடிபட்ட விலங்கு புதருக்குள் சென்று நெடுநேரம் துடித்து மடியும்.

இதற்கு மௌஸர் ஆலை கண்ட வழி எளியது. முன்வளையத்தின் மேலும் பின்பாலத்தின் மேலும் சதுரமான உலோகத் திண்டை விட்டு வைத்தது. கம்மியன் தன் விருப்பப்படி அதனைச் செதுக்கி, ஸூல் நகரத்தின் பெயரால் வழங்கும் கொக்கித் தாங்கியையோ, வேறொன்றையோ பொருத்திக்கொண்டான். ஆலை தன் பணியை வேண்டுமென்றே முடிக்காமல் நிறுத்திய இடம் அது.

அமெரிக்காவில் 1923-இல் தோன்றிய கிரிஃபின் அண்ட் ஹௌ நிறுவனம் முதுகை விடுத்து விலாவை நாடியது. இடச்சுவரில் பட்டையைப் பதித்து, தொலைநோக்கியைக் கழற்றி மாட்டும்படி செய்தது. வின்செஸ்டர் ஆலையின் 1925-ஆம் ஆண்டு மாதிரியான 54-இல் கைப்பிடி தொலைநோக்கிக்கு இடைஞ்சலாயிருந்தது. 1936-இல் வந்த மாதிரி 70 அதனைத் தாழ்த்தியது.

1968-இல் வில்லியம் ரூகர் மாதிரி 77-ஐ வெளியிட்டார். மெழுகில் உருச்செய்து, அதனை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் எஃகு வார்க்கும் முறையில் அதன் உடல் உருவாயிற்று. சுவாமிமலைச் சிற்பிகள் படிமம் வார்ப்பதும் இதே தத்துவத்தினாலேயாம். தாங்கியின் அடித்தளம் உடலோடு ஒன்றாகவே அமைந்தது. வளையங்களையும் ஆலையே தந்தது. தளத்தைப் பிடிக்கும் சிறு திருகுகள் ஒழிந்தன. அவை தளரும் அச்சமும் ஒழிந்தது. ஆயினும் கம்மியனின் உரிமை சுருங்கிற்று. அவன் விரும்பிய தாங்கிக்கு அங்கே இடமில்லை. அதனால்தான் போலும், துளையிட்ட உருண்டை முதுகுடைய வகை ஒன்றையும் அதே ஆலை விற்றது.

இவ்விரு வழிகளுள் எது சிறந்தது? கடையில் வாங்கி அப்படியே காட்டுக்குச் செல்பவனுக்கு ரூகரின் வழியே நன்று என்பேன். ஆனால் தனக்குப் பின்னால் வேறொரு கைவினைஞன் வருவான், அவன் தேவையை இன்று முழுதும் அறிய இயலாது என்று எண்ணுகிற ஆலைக்கு மௌஸரின் வழியே ஏற்றது. மிகுதியாக விட்ட உலோகத்தைப் பின்னர் அரம் கொண்டு நீக்கலாம். முன்னரே வெட்டி எறிந்ததை எளிதில் ஒட்டவைக்க முடியாது.