பூ பார்த்து மாதம் சொன்னவர்கள்

போர்ட் பிளேருக்கு வந்த முதல் ஏப்ரலில்தான் இதைக் கவனித்தேன். (2024ல் ஊர்ப்பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. வாயில் பழையதுதான் வருகிறது.) 14ஆம் தேதி பக்கத்து வீட்டு வங்காளக் குடும்பத்துக்குப் பாயசம் கொடுத்தேன். மறுநாள் அவர்கள் இனிப்போடு வந்து புத்தாண்டு வாழ்த்து சொன்னார்கள். மாடி வீட்டு அஸ்ஸாம்காரருக்கும் 15தான் பொஹாக் மாதம் முதல் தேதியாம்.

சூரியன் மேஷத்தில் நுழைவது எல்லோருக்கும் ஒரே நேரம்தான். கணக்குதான் வேறு. அஸ்தமனத்துக்கு முன் நுழைந்தால் நமக்கு அன்றே சித்திரை 1. மேற்கு வங்காள மரபில் நள்ளிரவுக்குள் நுழைந்தால் மறுநாள்தான் மாதப்பிறப்பு. ஆண்டு எண்ணில் வங்காளிக்கும் அஸ்ஸாமியருக்கும் வித்தியாசமே இல்லை. 2025 ஏப்ரலில் இருவருக்கும் பிறந்தது 1432. வேடிக்கை என்னவென்றால், அஸ்ஸாமில் அதைக் காமரூப மன்னன் பாஸ்கரவர்மன் பெயரில் பாஸ்கராப்தம் என்கிறார்கள். வங்காளத்தில் ஒரு சாரார் அது சசாங்கன் தொடங்கியது என்கிறார்கள். அந்த இரண்டு ராஜாக்களும் எதிரிகள்!

எப்படியானாலும் இவையெல்லாம் கப்பலில் வந்து இறங்கிய பஞ்சாங்கங்கள். இந்தத் தீவுக்கென்று சொந்தமாக ஒன்று இருந்தது. 1906-08ல் இங்கே ஆராய்ச்சி செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன், 1922ல் வெளியிட்ட புத்தகத்தில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். காட்டில் எந்த மரமோ கொடியோ பூத்து மணக்கிறதோ, அதன் பெயரால் பருவத்தைச் சொன்னார்கள் பெரிய அந்தமானியர்கள். பூ மாறினால் தேனின் ருசியும் மாறும். பெண் வயதுக்கு வந்தால், அப்போது பூத்திருக்கும் பூவின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே எந்தப் பருவம் என்று தெரிந்துவிடும்.

1858ல் ஆங்கிலேயர்களின் கைதிக் குடியிருப்பு வந்தது. பின்னாலேயே தட்டம்மையும் மேகநோயும் வந்தன. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1961ல் 19 பேர். அவர்களின் மொழிகளில் ஒன்றான அகா-போவைப் பேசிய கடைசி ஆள், போவா சீனியர் என்ற மூதாட்டி, 2010 ஜனவரியில் இறந்துபோனார்.

நம் பஞ்சாங்கத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம். அவர்களுடையதற்கு இந்தக் காடும் வேண்டும், பெயர் சொல்ல ஒரு வாயும் வேண்டும். காடு இன்னும் பூக்கிறது. போன ஏப்ரலில் இனிப்பு சாப்பிட்டுக்கொண்டே, வாசலுக்கு எதிரே பூத்திருந்த மரத்தைக் காட்டிப் பெயர் கேட்டேன். எங்கள் மூன்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.