நன்னூலார் விலக்கிய 'களி'

கல்லூரி ஒன்றில் மது அருந்தி விடுதிக்குத் திரும்பிய மாணவன் ஒருவனைப் பற்றி முடிவு செய்யக் கூடிய குழுவில் நாமும் இருந்தோம். அவனை நீக்கவேண்டும் என்றவர், நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் துணைக்கு அழைத்தார். பாடம் சொல்லத் தகாதார் வரிசையில் கள்ளுண்பவனே தலைமை பெற்றுள்ளான் என்பது அவர் வாதம். அதற்கு அன்று நாம் விடை கூறவில்லை. நூலை மீண்டும் புரட்டிய பின்னரே கூறத்தக்கன சில உள என உணர்ந்தோம்.

பவணந்தியார் கூறும் மாணாக்கர் ஆகார் பதினைவர். அவருள் முதற்கண் நிற்பது 'களி'. உரையாளர் கள்ளுண்டு களிப்பவன் எனப் பொருள் கொள்வர். முதலில் வைத்தமையே பெருங்குற்றம் எனக் காட்டும் என்பது பொருந்தாது. அவ்வடியில் ககர மோனை நிரம்பியுள்ளது. யாப்புக்காகவும் அச்சொல் முன் வந்திருக்கலாம். இடத்தைக் காட்டிலும், அச்சொல் அங்கே வந்து சேர்ந்தமையே ஆராயத்தக்கது.

கற்கலாதார் எண்மர் எனத் தொகுத்துக் கூறும் வெண்பா ஒன்று உரைகளின் வழியே நமக்குக் கிடைத்துளது. மடி, மானி, பொச்சாப்பன், காமுகன், கள்வன், பிணியாளன், சினத்தன், தடுமாறு நெஞ்சத்தவன் என்போர் அவ்வெண்மர். இவருள் எழுவர் நன்னூலிலும் உளர். அதே முறையில் உளர். புதியோர் இடையிடையே புகுந்தனரேயன்றிப் பழையோர் முறை மாறவில்லை. விடுபட்டவன் ஒருவனே. அவன் பொச்சாப்பன். மடிக்கு முன்னே புதிதாக நிற்பவன் களி. எட்டுப் பதினைந்தாக விரிந்தது என்றே நாம் கருதுகிறோம். பதினைந்து எட்டாகச் சுருங்கிற்று என்பார் உளராயினும், களியும் பொச்சாப்பனும் ஒரே வரிசையில் உடன் நில்லாமை கண்கூடு.

பொச்சாப்பு என்பது யாது? வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்து, மிக்க உவகையால் வரும் சோர்வு அளவிறந்த சினத்தினும் தீது என்கிறார். செல்வத்தால் வரும் களிப்பும், வெற்றியால் வரும் களிப்பும், கல்விச் செருக்கும் அதனுள் அடங்கும். கள்ளால் வரும் மயக்கமும் அடங்கும் எனலாம். ஆகவே அது மனத்தின் குற்றம். களியோ கண்ணுக்குத் தெரிவது, வாயில் நாறுவது. மனச்சோர்வைக் கண்டு ஒருவனை வாயிலில் நிறுத்துதல் அரிது. கள்ளுண்டவனை நிறுத்துதல் எளிது. அறவுரையாக இருந்த ஒன்று நன்னூலில் விதியாக மாறிற்று எனக் கொள்வதில் தவறில்லை.

மாறியதற்குக் காரணம் ஆசிரியர் சமயத்தில் உளது என்பது நம் கருத்து. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்ட நூல் செய்த பவணந்தியார் சமண முனிவர். கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்குதல் சமண இல்லறத்தார்க்கே அடிப்படை நோன்பு. சங்கப் புலவர் நிலை வேறு. அதியமான் தனக்குக் கள் அளித்த அன்பினை ஔவையார் புறநானூற்று 235ஆம் பாட்டில் நினைந்து அழுகிறார்; அது அவர் புலமைக்கு இழுக்கு என எவரும் எண்ணியதில்லை. வள்ளுவரும் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையே வைத்தார். களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவித்தல், நீரின் அடியில் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவது போலும் என அவர் அங்குக் கூறுவது, மாணாக்கன் திறத்துக்கு மிக அணுக்கமானது. எனினும் அவன் களித்திருக்கும் பொழுதைப் பற்றியதே அவ்வுவமை.

இனி, ஆசிரியர் பக்கம் நோக்குவோம். ஆசிரியர் ஆகார் இலக்கணத்தில் அழுக்காறு உண்டு, அவா உண்டு, வஞ்சம் உண்டு, கள் இல்லை. பனையும் தெங்கும் வருகின்றன. ஆனால் அவை கள் இறக்கும் மரங்களாக வரவில்லை. ஏற இடங்கொடாத மடற்பனையும், நீர் வார்த்தவனை விட்டுப் பிறர்க்குக் காய் உதிர்க்கும் முடத்தெங்கும் ஆசிரியர் குறைக்கு உவமைகள். 'இழிகுண இயல்பு' என்றதனுள் கள்ளும் அடங்கும் என விடை கூறலாம். அங்ஙனமாயின், மாணாக்கனுக்கு மட்டும் அதனைப் பெயர் சொல்லி விலக்கியது ஏன்? பாயிரம் செய்தவர் ஆசிரியர் என்பதன்றி வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை. இது சற்றுக் கடுமையான கூற்றாயின் பொறுத்தருள்க.

இக்காலத்து விதிகள் இக்குறையை நிரப்பியுள்ளன. நடுவண் அரசு ஊழியர்க்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளுள் 22ஆம் விதி, பணியின்போது மது அல்லது மயக்கப்பொருளின் வயப்பட்டிருத்தலையும், அளவிறந்து அருந்துதலையும், போதையுடன் பொதுவிடத்தில் தோன்றுதலையும் தனித்தனியே விலக்குகிறது. 'களி' என்ற ஒரு சொல் இவ்வேறுபாடுகளைக் காட்டாது என்பர். காட்டும் என்போம் நாம். மடி என்பது சோம்பலாகிய பண்பின் பெயர். அப்பண்புடையானுக்கு ஆகி வந்தது. களியும் அங்ஙனமே. ஒருநாள் சோம்பியிருந்தவனை மடி என்று எவரும் விலக்கார். ஒருநாள் உண்டவனைக் களி என்பதும் சொல்லிலக்கணத்துக்கு ஒவ்வாது. வழக்கமாகக் கொண்டவனே அப்பெயர்க்கு உரியவன்.

அவ்வழக்கமுடையானை இன்றைய சட்டம் நோயாளன் என்றும் நோக்குகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 64அ பிரிவில், தாமே முன்வந்து மருத்துவம் பெறும் அடிமைப்பட்டோர்க்கு, வரம்புக்கு உட்பட்டு, வழக்கினின்றும் விலக்களிக்கிறது. நன்னூலில் இவ்வழியும் அடைபட்டுளது. களி என்ற பெயரினின்று தப்பிப் பிணியன் என்ற பெயரை அடைந்தாலும், அப்பதினைவருள் பிணியனும் ஒருவன். அக்குழு அன்று மாணவனை நீக்கியது; நூற்பாவை எடுத்தோதியவர் அதன் ஐந்தாம் சொல்லைத் தாண்டிப் படிக்கவில்லை.