உப்பு வரி முதல் நூறு நாள் வேலை வரை

தென்னார்க்காடு மாவட்டத்தின் திண்டிவனம் வட்டத்தில் இருந்த மரக்காணம், உப்பளங்களுக்குப் பேர்போனது. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பு வணிகத்தைத் தன் ஏகபோகமாக்கியது. பாத்தி கட்டி உப்பு எடுத்தவர் அதைக் கம்பெனி வைத்த விலைக்குக் கம்பெனியிடமே கொடுக்க வேண்டும். வாங்கி உண்பவர் வரியோடு சேர்த்து விலை தர வேண்டும். 1888இல் மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, வரி இரண்டரை ரூபாய். பண்ணையார் வீட்டுக்கும் கூலியாள் வீட்டுக்கும் உப்புச் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். வெயிலில் வியர்த்தவருக்குச் சற்றுக் கூடவே வேண்டும். செல்வரின் வருமானத்தைவிட ஏழையின் வருமானத்தில் பெரிய பங்கைத் தின்ற இவ்வரி 1947இல்தான் நீங்கியது.

வரி வாங்கிய அரசு, கூலியாளின் வாழ்வில் வேறெதிலும் பெரிதாகத் தலையிடவில்லை. விழுப்புரம் பகுதியின் இருவேல்பட்டு அதற்குச் சான்று. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த கிராமங்களுள் அதுவும் ஒன்று. அங்கே நிலம் பெரும்பாலும் ஒரு ரெட்டியார் குடும்பத்தின் கையில் இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காகப் படியாளாக, அதாவது கட்டுண்ட பண்ணையாளாக, சேர்ந்தவர் மீள்வது அரிது. பசிக்கு நெல் அளந்தவரே கடன்காரர் என்பதால் கூலி பேச இடமே இல்லை.

அந்தப் பிடியைத் தளர்த்தியது ஒரு சட்டம் மட்டுமல்ல. வெளியூர் வேலை, 1982இல் விரிந்த சத்துணவு, ரேஷன் அரிசி எனப் பல வழிகள் திறந்தன. 1993இல் உருவான விழுப்புரம் மாவட்டம், 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கிய முதற்கட்ட மாவட்டங்களுள் இடம்பெற்றது. ஏரி, வாய்க்கால் தூர்வாரும் ‘நூறு நாள் வேலை’க்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம், வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயிகள் குறைபட்டனர். அதில் உண்மை உண்டு; கூலி பேசும் பலம் தொழிலாளிக்கு வந்ததன் மறுபக்கம் அது. 2008இல் இருவேல்பட்டை மீண்டும் ஆராய்ந்தவர்கள் நிலவுடைமையாளரின் பழைய ஆதிக்கம் தேய்ந்திருந்ததைக் கண்டனர். ஆனால் விவசாயத்துக்கு வெளியே நிலையான, நல்ல வேலை அரிதாகவே இருந்தது.

சத்துணவு போன்ற நலத்திட்டங்களின் செலவுக்கு மாநிலம் நம்பும் வருவாய்களில் மதுவும் ஒன்று. 2003 முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் வழியே அரசே நடத்துகிறது. அந்த மது வருவாயில் ஒரு பங்கு இதே கூலித் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்தே வருகிறது.