தலைகீழ் அடமானக் கடன்

தலைகீழ் அடமானக் கடன் என்பது, சொந்த வீட்டில் குடியிருக்கும் முதியவர் அவ்வீட்டை வங்கியிடமோ வீட்டுக்கடன் நிறுவனத்திடமோ ஈடாக வைத்து, மாதந்தோறுமோ மொத்தமாகவோ பணம் பெற்றுக்கொண்டு, ஆயுள் உள்ளவரை அசலோ வட்டியோ கட்டாமல் அதே வீட்டில் வாழ வகைசெய்யும் கடன் முறையாகும். ‘ரிவர்ஸ் மார்ட்கேஜ்’ என்றும் இது பரவலாக வழங்குகிறது. வழக்கமான வீட்டுக்கடனில் தவணை கட்டக் கட்டக் கடன் கரைகிறது. இதில் பணம் வாங்க வாங்கக் கடன் வளர்கிறது. தமிழ்நாட்டில் நெடுநாளாக உள்ள ஒத்தி முறையில் பணம் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக வீட்டில் குடியேறுவார். தலைகீழ் அடமானத்திலோ உரிமையாளர் வெளியேற வேண்டியதில்லை. அவரும் கடனில் சேர்ந்த அவருடைய துணையும் காலமான பிறகோ, வீட்டை விற்ற பிறகோ, நிரந்தரமாக வேறிடம் சென்ற பிறகோதான் கணக்கு முடிக்கப்படும்.

முதியவர் எதிர்பார்த்ததைவிட நீண்டநாள் வாழ்ந்து, வீட்டின் விலையும் எதிர்பார்த்த அளவு உயராமல் போனால் நட்டம் யாரைச் சேரும் என்பதே இம்முறையின் மையச் சிக்கல். இதன் வரலாற்றை அந்நட்டம் கைமாறிய வரலாறாகவே படிக்கலாம். இதற்கு மூத்த உறவான பிரான்சின் ‘வியாஜே’ விற்பனையில், வாங்குபவர் முதியவருக்கு ஆயுள் முழுவதும் மாதத்தொகை கொடுத்து, அவர் மறைந்த பின்பே வீட்டை அடைவார் என்பதால், நட்டம் முழுவதும் தனி ஒருவர் தலையில் விழுகிறது. ஆர்ல் நகரில் 1965இல் ஆந்திரே பிரான்சுவா ராப்ரே என்ற நோட்டரி வழக்கறிஞர், அப்போது 90 வயதாகியிருந்த ஜான் கால்மான் என்ற மூதாட்டியுடன் மாதம் 2,500 பிராங்குக்கு இத்தகைய ஒப்பந்தம் செய்தார். வீட்டு மதிப்பைப்போல் இரு மடங்குக்கும் மேல் கொடுத்துவிட்டு 1995இல் ராப்ரே இறந்தார்; அவர் குடும்பம் தொடர்ந்து பணம் கட்டியது; கால்மான் 1997இல் தம் 122ஆம் வயதில்தான் காலமானார்.

கடன் வடிவிலான முறைக்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரமே தொடக்க இடமாகக் குறிக்கப்படுகிறது. அங்கிருந்த டியரிங் சேமிப்பு, கடன் நிறுவனத்தைச் சேர்ந்த நெல்சன் ஹெய்ன்ஸ், தம் பள்ளிக்காலக் கால்பந்துப் பயிற்சியாளரின் மனைவி கணவரை இழந்தபின் வீட்டைவிட்டுப் போக நேராதபடி, 1961இல் இத்தகைய கடனை வடிவமைத்துக் கொடுத்தார். ஒரு கைம்பெண்ணுக்குச் செய்த உதவியாக இது நன்று. ஆனால் ஒரு சிறு நிறுவனம் ஆயிரக்கணக்கானோருக்கு இதைக் கொடுத்தால் யார் எவ்வளவு காலம் வாழ்வார் என்ற பந்தயத்தில் தானே மூழ்கிவிடும். ஆகவே அடுத்த கால் நூற்றாண்டுக்கு இம்முறை ஆங்காங்கே நடந்த சோதனையாகவே இருந்தது.

திருப்பம் அரசிடமிருந்து வந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றி, 1988 பிப்ரவரியில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட வீட்டுவசதிச் சட்டம், 62 வயது நிறைந்தோருக்கான 2,500 கடன்களுக்குக் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் காப்பீட்டைச் சோதனை முறையில் அளித்தது. முதல் கடன் 1989இல் கான்சஸ் மாநிலத்தில் வழங்கப்பட்டது. கடன் பெறுபவர் காப்பீட்டுக் கட்டணம் செலுத்துவார். வீட்டை விற்று வரும் தொகை கடனுக்குப் போதாவிட்டால் குறையை அரசின் காப்பீட்டு நிதியம் ஈடுசெய்யும். வாரிசுகளின் பிற சொத்துகளில் கைவைக்க முடியாது. கடனுக்கு முன் சார்பற்ற ஆலோசகரைச் சந்திப்பதும் கட்டாயமாக்கப்பட்டது. 1998இல் நிரந்தரமான இத்திட்டம் 2009 நிதியாண்டில் 1,10,000க்கும் மேற்பட்ட கடன்களாக உச்சத்தைத் தொட்டது.

அந்த உச்சத்திலேயே அதன் குறைகளும் வெளிப்பட்டன. கடன்தொகை தம்பதியரில் இளையவரின் வயதைக் கொண்டு கணக்கிடப்பட்டதால், கூடுதல் பணம் கிடைக்கும் என்பதற்காக இளையவரின் பெயர் பத்திரத்திலிருந்தே நீக்கப்பட்ட குடும்பங்கள் பல. மூத்தவர் இறந்ததும் கடன் முழுவதையும் கட்டவேண்டிய நிலைக்கு ஆளாகி, துணையை இழந்த துயரோடு வீட்டையும் இழக்கும் அபாயத்தில் நின்றவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2013இல் வந்த கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, 2014 முதல் அத்தகைய துணைவர் தொடர்ந்து குடியிருக்க விதிகள் திருத்தப்பட்டன. வீட்டு விலைச் சரிவின் சுமை நிதியத்தை அழுத்தியதால், 2013இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக அரசுக் கருவூலத்திலிருந்து 170 கோடி டாலர் பெற நேர்ந்தது. வரிப்பாக்கியால் வீட்டை இழப்போர் பெருகியதைக் கண்டு, சொத்துவரியும் காப்பீடும் கட்டும் வசதி உள்ளவரா என்று பார்த்தே கடன் கொடுக்கும் விதி 2015இல் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் 2007-08 நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் இம்முறையை அறிவித்தார். தேசிய வீட்டுவசதி வங்கி அவ்வாண்டே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 60 வயது நிறைந்தவர், வில்லங்கமற்ற, தாமே சம்பாதித்த, தாமே குடியிருக்கும் வீட்டை ஈடு வைக்கலாம். கடன் முடியும் வேளையில் வீட்டை மீட்க வாரிசுகளுக்கே முதல் வாய்ப்பு. பெறும் தொகை வருமானமாகக் கருதப்படாதென 2008ஆம் ஆண்டு நிதிச்சட்டம் தெளிவுபடுத்தியது.

இந்திய வடிவத்தின் பலவீனம் கணக்கில் இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு 60 விழுக்காடு, அதாவது 30 லட்ச ரூபாய் கடன் வரம்பு, வட்டி 10 விழுக்காடு, காலம் 15 ஆண்டு என்று கொண்டால், மாதம் கைக்கு வருவது ஏறத்தாழ 7,240 ரூபாய். 20 ஆண்டு என்றால் 3,950 ரூபாய்தான். 15 ஆண்டில் பெறுவது மொத்தம் 13 லட்சம், மீதி 17 லட்சம் வட்டி. காலம் முடிந்தபின் வீட்டில் இருக்கலாம், பணம் வராது. 60 வயதில் 20 ஆண்டுக் கடனைத் தொடங்கியவருக்கு, மருத்துவச் செலவு கூடும் 80 வயதில் வரவு நின்றுவிடும் என்பதால், நீண்ட ஆயுளின் நட்டம் இங்கு முதியவரிடமே திரும்பிவிட்டது. இதைச் சரிசெய்ய, கடன்தொகையை ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து வாழ்நாள் முழுதும் ஆண்டுத்தொகை பெறும் மாற்று வடிவம் 2009இல் வந்தாலும், அதற்கு வரிவிலக்குத் தெளிவு 2013இல்தான் கிடைத்தது.

இத்திட்டம் பரவாததற்குப் பிள்ளைப்பாசமே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது; அது பாதி உண்மைதான். தமிழ்நாட்டில் பாகப்பிரிவினை ஆகாத பூர்வீக வீடுகளும், மூலப்பத்திரம் தொலைந்த வீடுகளும் வங்கியின் வாசலிலேயே தள்ளுபடியாகின்றன. மற்றொரு பக்கம், பெற்றோர் வீட்டைப் பிள்ளைக்கு செட்டில்மென்ட் பத்திரமாக எழுதிக்கொடுத்துப் பராமரிப்பை எதிர்பார்க்கும் வழக்கத்துக்கு, அதே 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரு காப்பு அளித்தது. பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தை, நிபந்தனை மீறப்பட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். குடும்பத்தை நம்பும் வழிக்குச் சட்டத்தின் துணை கிடைத்த அதே ஆண்டில், வங்கியை நம்பும் வழி அரசுக் காப்பீடு இல்லாமல் தொடங்கியது. இந்தியாவில் இது சில வங்கிகளின் சிறு கடன் வகையாகவே நின்றுபோனதற்கு அந்தக் குறைக்குப் பெரும்பங்கு உண்டு.